சதாசிவத்தின் ஒன்பது பாட்டு

நம்புகிறவர்கள் நம்புங்கள், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். நான் கதை விடுகிற ஆசாமி இல்லை. சாஃப்ட்வேரில் குப்பை கொட்டுகிறவன். 2007 ஜூன், தில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் என் கண்ணெதிரே நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

அப்பா மே மாசம் ரிடையர் ஆகி, சாமான்களோடும் அம்மாவோடும் கும்பகோணம் போய்விட்டார். ஜூன் முப்பதாம் தேதி சாவியை ஒப்படைக்கணும். அதுவரை காலி வீடு என் கையில். எங்கள் மியூசிக் பேண்டின் ஆல்பத்தை அங்கேதான் முடிப்பதாகத் திட்டம். போஸ்ட்-ஹார்ட்கோர் இசை. பாதி மெல்லப் பாடணும், பாதி அடித்தொண்டையில் அலறணும். ஒன்பது பாட்டும் சேர்ந்து ஒரே கதை: பூட்டிய குவார்ட்டர்ஸில் மாட்டிக்கொண்டு செத்துப்போகும் சதாசிவம் என்ற கிளார்க். நாங்களே இட்டுக்கட்டிய ஆள்.

குரல் பதிவு மட்டும்தான் பாக்கி. பாடகன் வெங்கி என் பள்ளிக்கூட சிநேகிதன். அவன் தொண்டையில் கட்டி. ஜூலையில் ஆபரேஷன், அதற்கப்புறம் குரல் இருக்குமோ இருக்காதோ என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அதுக்குள்ள முடிச்சுடலாம்டா" என்று நச்சரித்தது நான்தான். பாவி.

தினமும் மத்தியானம் இரண்டு மணிக்குப் பதிவு. அப்போதுதான் காலனியே ஆபீஸில் இருக்கும், அலறினாலும் சண்டைக்கு வர ஆளில்லை. மைக்கில் சத்தம் விழும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவோம். வெங்கி வருவான், தலையாட்டுவான், ஒரு வார்த்தை பேசமாட்டான். குரலைச் சேமிக்கிறான் என்று நினைத்தேன். இருவரும் ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிய பிறகுதான் அவன் குரலே கேட்கும்.

"ரெடி. ஸ்டார்ட் பண்ணு."

எட்டு நாளில் எட்டு பாட்டு. பிரமாதமாக வந்தது. ஒரே ஒரு உறுத்தல்... குரல் முன்னால் வந்தது, உதடு பின்னால் அசைந்தது. கம்ப்யூட்டர் கோளாறு என்று விட்டுவிட்டேன். ஆனால் கம்ப்யூட்டர் சத்தத்தைத் தாமதமாக்கும். முந்தவைக்காது.

இன்னொன்று. தில்லியிலேயே பிறந்த வெங்கிக்கு ஜென்மத்தில் 'ழ' வந்ததில்லை. பதிவில் சுத்தமாக வந்தது.

ஒன்பதாம் நாள். மணி 2.17. சதாசிவம் சாகும் பாட்டு.

ஹெட்போனில் அலறல். எனக்குப் புல்லரித்தது. நிமிர்ந்தேன்.

வெங்கியின் வாய் மூடியிருந்தது.

சுவரோடு ஒட்டி நின்றான். கண்ணில் தண்ணீர்.

அலறல் நிற்கவில்லை...

ஹெட்போனைக் கழற்றினேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

கம்ப்யூட்டர் திரையில் பதிவாகும் ஒலியின் கோடு மட்டும் துள்ளியது... 2.21 வரை.

வெங்கி ஓடிவிட்டான். சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா வைதேஹி மாமி கதவைத் திறந்தாள்.

"மாமி, வெங்கி ஏதாவது சொன்னானா?"

"எப்படிடா சொல்லுவான்? ரெண்டாம் தேதியே குரல் சுத்தமா போயிடுத்து. எழுதித்தான் காட்டறான். உனக்குத் தெரியாதா?"

முதல் பாட்டைப் பதிவு செய்தது பதினொன்றாம் தேதி.

உள்ளே வெங்கி ஒரு காகிதத்தை நீட்டினான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். 'பாட முடியாதுன்னு சொல்லத்தான் முதல் நாள் வந்தேன். அதுக்குள்ள அது பாட ஆரம்பிச்சுடுத்து. என்ன பண்ணுமோன்னு பயந்து வாயை மட்டும் அசைச்சேன்.'

ஆபரேஷனுக்கு அப்புறமும் அவனுக்குக் குரல் திரும்பவில்லை. ஒன்பது பாட்டையும் சிடியாகப் போட்டோம்; மே மாசமே வெங்கி பாடினது என்று மாமியிடம் சொல்லிவைத்தோம். பிள்ளையின் குரல் இதில்தான் மிச்சம் இருக்கிறது என்று, தினமும் இரண்டு மணிக்கு அந்த சிடியைப் போட்டுக் கேட்கிறாள்.