லத்தீப் நானாவின் வெள்ளைக்கால் சேவல்

லத்தீப் நானா மௌத்தாகிவிட்டார் என்று அவருடைய மகன் கிண்ணியாவிலிருந்து போன் எடுத்தபோது, நான் அன்புவழிபுரத்தில் வீட்டு முற்றத்தில் குஞ்சுகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் இல்லை என்றதும் அழுகை வந்தது. அது ஓயும் முன்பே, அந்தச் சேவலுக்கு என்ன ஆகுமோ என்ற பதற்றமும் வந்தது. அவரை அறிந்தவர்கள் இதற்காக என்னைக் கோபிக்கமாட்டார்கள். அவரும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

நாங்கள் கூட்டாகக் கோழி வளர்த்தோம். பேடுகள் என்னிடம், சேவல்கள் அவரிடம். சிவப்பு இறகும் வெள்ளைக் காலும் பிசகாமல் வரும் ஓர் இனம் வேண்டும் என்பது எங்கள் ஆசை. மஞ்சள் காலைக் கண்டால், பண்ணைக் கலப்பு என்று எங்கள் பக்கத்தில் வாங்கமாட்டார்கள். ஒருமுறை வெள்ளைக்கால் சோடிக்கு மஞ்சள்கால் குஞ்சு பிறந்தது. உங்கள் சேவலில்தான் பிழை என்று சண்டைக்குப் போனேன்.

"ஒரு பக்கத்தால மட்டும் மஞ்சள் வராது தங்கச்சி," என்றார். "உங்கட பேட்டிலயும் ஒளிஞ்சிருக்கு, எண்ட சேவல்லயும் ஒளிஞ்சிருக்கு. வெள்ளை மேல நிண்டு மூடிக்கொண்டிருக்கு."

அதன்பிறகு ஒவ்வொரு சேவலையும் இதற்கென்றே வாங்கிய மஞ்சள்கால் பேடுகளோடு விட்டுப் பார்ப்பார். ஒரு குஞ்சின் கால் மஞ்சளானாலும் அந்தச் சேவல் தள்ளுபடி. பச்சை தின்னாத குஞ்சின் மஞ்சள் வெளிறி, வெள்ளைபோல் ஏமாற்றும் என்று முருங்கையிலை அரிந்து போடுவார். எத்தனை ஈடு குஞ்சு வெள்ளையாக வந்தாலும் "இன்னும் காட்டல்ல" என்பாரே தவிர, சுத்தம் என்று சொல்லமாட்டார். எனக்கு எரிச்சலாக இருக்கும். கடைசியாக ஒரு சேவலைப் பற்றி மட்டும், "இத நம்பலாம் போல, கொண்டு வாறன்" என்றார். கொண்டுவர அவருக்குக் கிடைக்கவில்லை.

ஏழாம் நாள், அவருக்காக ஓதிச் சோறு கொடுக்கும் கத்தத்துக்குப் போனேன். நான் ராத்தா என்று கூப்பிடும் அவர் மனைவி வெளியே வராமல் இத்தா இருந்த அறைக்குள் போய், கட்டிப்பிடித்து அழுதேன். சோறும் சாப்பிட்டேன். பிறகுதான் வெட்கத்தை விட்டுச் சேவலைப் பற்றிக் கேட்டேன்.

"ரெண்டு சேவல் ஒரே மாதிரி நிண்டிச்சு தங்கச்சி, ஒரு தாய்ப் புள்ளைகள். எது எதுண்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒண்டை மகன் கத்தத்துக்கு அறுத்துட்டான். மத்ததைக் கொண்டு போங்க."

கூடையை மடியில் வைத்துக்கொண்டு கிண்ணியாப் பாலத்தைக் கடந்தபோது மூடியைத் திறந்து திறந்து அதன் காலைப் பார்த்தேன். வந்ததும் அதை மஞ்சள்கால் பேட்டோடு விட்டேன். குஞ்சு பொரித்த நாளிலிருந்து நித்திரை இல்லை. முருங்கையிலை போடக் கை கூசியது, போடாமல் இருக்கவும் ஏலவில்லை. சில கிழமைகளில் மூன்று குஞ்சுகளின் கால் மஞ்சளானது.

ராத்தாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்ப அந்த நல்ல சேவலையா அறுத்திட்டம்?"

"ஓம் ராத்தா."

"அவர்ட கத்தத்துக்கு அதவிடக் கொறஞ்சதையா அறுக்கிற?" என்றார்.

மிஞ்சிய சேவலை நான் தள்ளவில்லை. சுத்தமான பேட்டோடு விட்டால் அதன் குஞ்சுகளில் பாதியளவு சுத்தமாக வரும். எந்தப் பாதி என்று கால் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கும்வரை மனம் கிடந்து அடிக்கும். நானா இத்தனை காலமும் இந்தப் பயத்தோடுதான், சுத்தம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் பயம்தான். வைத்துக்கொள்கிறேன்.