ஆறு மாசக்காரர்

கல்லூரியில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஆறு மாசக்காரர். வெளிநாட்டு ஆய்வுப் பிரிவில் தலைமை எழுத்தர். அவருக்கு எதிர் மேசை எனக்கு. இளங்கலை அறிவியல் படிக்கிற பிள்ளைகள் கோடை விடுமுறையில் பத்து வாரம் வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய ஓர் அறக்கட்டளை பணம் தருகிறது. விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்புவது எங்கள் வேலை.

யார் வந்தாலும், உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுவார். "பாஸ்போர்ட் எப்ப முடியுது?"

ஆய்வு முடிந்த பிறகும் பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது விதி. பிள்ளைகள் இன்றைய தேதியிலிருந்து எண்ணிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அவர் ஆய்வு முடிகிற தேதியிலிருந்து விரல் மடக்கி எண்ணுவார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

போன வருஷம் அவர் மகளும் விண்ணப்பித்தாள். எங்கள் கல்லூரியிலேயே கடைசி வருஷம். குளத்துப் பாசியைப் பாட்டிலில் வளர்த்து, வெயில் விழட்டும் என்று எங்கள் ஜன்னலில் வரிசையாக வைத்திருப்பாள். அலுவலகமா இது, சாக்கடையா என்று நான் கத்துவேன். சிரிப்பாள். பாசியைப் பற்றி அவள் எழுதிய கடிதத்துக்கு ஒரு வெளிநாட்டு விஞ்ஞானி, "வந்து செய்" என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தார். அன்று அவள் வந்த வேகத்தில் என் தேநீர் கொட்டியது.

ஜனவரியில் அவளுடைய கோப்பை அவர் என் மேசைக்குத் தள்ளினார்.

"இத நீ பாரும்மா. என் பொண்ணு பேப்பர்ல நான் கை வச்சா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

அப்படி என்ன பொல்லாத நேர்மை என்று எரிச்சலாக இருந்தது. எப்படியும் வீட்டில் ஒரு தடவை புரட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மதிப்பெண், பேராசிரியர் கடிதம், கையெழுத்து எல்லாம் பார்த்தேன். பாஸ்போர்ட், டிசம்பர் வரை. இன்னும் பதினோரு மாதம் கிடக்கிறதே என்று முத்திரை குத்தினேன். பன்னிரண்டு வருஷம் அந்த மனிதருக்கு எதிரில் உட்கார்ந்தவள் நான்.

மார்ச்சில் அறக்கட்டளையின் கடிதம் வந்தது. ஒரே ஒரு விண்ணப்பம் தள்ளுபடி, அவளுடையது. மறுபரிசீலனை கிடையாது. ஆய்வு ஆகஸ்டில் முடிகிறது. அவர் பாஸ்போர்ட் நகலை எடுத்து விரல் மடக்கினார். நான்காவது விரலில் நின்றுவிட்டார்.

"அண்ணே, நான் டிசம்பர்னு பாத்ததும்..."

"விடும்மா."

அவ்வளவுதான். நன்றாகத் திட்டியிருந்தால் அன்று ராத்திரி நான் தூங்கியிருப்பேன். அடுத்த வருஷம் அவள் இளங்கலை மாணவி இல்லை, விண்ணப்பிக்க வழியில்லை. ஜன்னலில் இருந்த பாட்டில்களில் தண்ணீர் வற்றிப் பாசி கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்தது. தூக்கிப் போட எங்கள் இருவருக்கும் கை வரவில்லை.

மே கடைசியில் அவள் தன் சான்றிதழ்களை வாங்க வந்தாள். மெலிந்திருந்தாள். அப்பா பக்கம் திரும்பவே இல்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"அப்பாதான் பாத்து அனுப்பினாராம் அத்தை. அசந்துட்டாராம். எல்லாப் புள்ளைங்களுக்கும் விரல் விட்டு எண்ணினவரு எனக்கு மட்டும் எண்ணல. அவர்கூடப் பேசி ரெண்டு மாசமாச்சு."

அவர் கோப்புக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உங்ககிட்ட குடுத்திருக்கலாம் அத்தை. நீங்க பாத்திருந்தா விட்டிருக்க மாட்டீங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவர் தலையை மட்டும் லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று.

"இங்க கையெழுத்து போடும்மா" என்று பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.