குடைக்கம்பியில் பின்னிய மேசோடு

எனக்கு மேசோடு பின்னத் தெரியும். மேசோடுன்னா, இன்னைக்குப் பிள்ளைங்க சாக்ஸுன்னு சொல்லிக் காலுல மாட்டுதே, அதுதான். நாப்பத்தேழு வயசுல, மீசையும் தொப்பையும் வச்சுக்கிட்டு இதை ஒத்துக்கிடவே கூச்சமா இருக்கு. ஆனா இதைவிடப் பெரிய மானக்கேடு ஒண்ணு உண்டு. பதினோரு வயசுல நான் பின்னின ஒரே ஒரு ஜோடி மேசோட்டுக்காக, எங்க அக்கா கல்யாணத்தன்னைக்கு, யாருமே கேக்காம நானே வாயைத் திறந்து வீட்டு மானத்தை வாங்கினேன். இப்பவும் பாச்சா உருண்டை வாசமும் நனைஞ்ச ஆட்டு வாசமும் சேந்து அடிச்சா அந்தக் கம்பளி நூல்தான் ஞாபகம் வரும், கூடவே எரிச்சலும் வரும்.

பின்னக் கத்துக்கிட்டது ஆசைப்பட்டு இல்ல. கொல்லாமரத்துல, அதான் முந்திரி மரத்துல இருந்து விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டு, மிஷன் ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் கட்டோட கெடந்தேன். நான் போட்ட கூச்சலுக்குப் பக்கத்துக் கட்டில்காரங்க எழும்பி ஓடிப்போகாம இருக்கணும்னு, அங்க இருந்த வெள்ளைக்கார நர்சம்மா என் கையில நாலு ஊசியும் நூலும் குடுத்து உக்கார வச்சாங்க. வீட்டுக்குப் புறப்படும்போது ஊசியைத் திரும்ப வாங்கிக்கிட்டு, சத்தம் போடாம இருந்ததுக்குப் பரிசா ஒரு பெரிய உருண்டை நூல் தந்தாங்க. வாயை மூடி இருந்ததுக்கு எனக்குக் கிடைச்ச முதலும் கடைசியுமான பரிசு அது. ஒரே இழைதான்; ஆனா கொஞ்சதூரம் செவப்பு, பெறகு பச்சை, பெறகு மஞ்சள், பெறகு நீலம், மறுபடியும் செவப்புன்னு தானாவே நிறம் மாறிக்கிட்டே போகும். நாம பாட்டுக்குச் சுத்திச் சுத்திப் பின்னினாப் போதும், வளையம் வளையமாக் கோலம் விழும்.

எங்க வீடு அப்ப ஆரல்வாய்மொழியில. எஸ்தர் அக்காவுக்கு அருமனையில இருந்து சம்பந்தம் பேச வந்தாங்க, மாப்பிள்ளை வாத்தியார். கிழிஞ்ச பாவாடை தைக்கவே அம்மாவைக் கூப்பிடுற அக்காவைப் பத்தி எங்க பெரியப்பா, "மிஷன் ஸ்கூல்ல படிச்ச பிள்ளையாக்கும், மேசோடுகூடப் பின்னும்"னு அளந்துவிட்டார். மாப்பிள்ளையோட அம்மா லேசுப்பட்டவங்க இல்ல.

"அப்பிடியா? எனக்க மகன் கோட்டும் ஷூவும் போட்டுத்தான் கோயில்ல நிப்பான். பெண்ணு பின்னின மேசோடுதான் அன்னைக்கு அவன் காலுல கெடக்கணும். பொய்யி சொல்லிப் பெண்ணைத் தள்ளிவிடுக ஆளுவ சங்காத்தம் மட்டும் எனக்கு ஆகாது, கேட்டியளா?"

அவங்க வண்டி தெரு தாண்டினதும் அக்கா என் காதைப் பிடிச்சா. "மக்கா, நீ பின்னு. நான் பின்னினதா இருக்கட்டும். வெளிய மூச்சு விட்டியோ, கொன்னுருவேன்."

அப்பாவோட பழைய குடையில இருந்து நாலு கம்பியைப் பிடுங்கி, கல்லுல தேச்சு, அதுதான் ஊசி. மாப்பிள்ளை காலை யாரு அளந்தா? அப்பா காலுதான் அளவு. வயல் வரப்புல நடந்து விசிறி மாதிரி விரிஞ்ச காலு. குதிகால் திருப்புற இடத்துல நாலு தடவை கண்ணி நழுவி, நாலு தடவையும் பிரிச்சேன். ஆனாலும் முதல் மேசோடு செவப்பு, பச்சை, மஞ்சள், நீலம்னு வரிசை தப்பாம வந்துது. அக்கா அதைக் கையில மாட்டிக்கிட்டு வீடு முழுக்க நடந்தா.

ரெண்டாவதைத் தொடங்குறதுக்குள்ள ஆடிக் காத்து வந்துட்டு. ஆளையே பிடிச்சுத் தள்ளுற எங்க ஊர்க் காத்துக்கு நூல் உருண்டை எந்த மூலைக்கு? நுனி மட்டும் என் கையில இருக்க, உருண்டை வாசல் தாண்டி, கோழிக்கூட்டைச் சுத்தி, வேலி வரைக்கும் அவிழ்ந்துகிட்டே ஓடுச்சு. முள்ளைப் பிடுங்கி, கோழியை ஏசி, கையில இருந்த நுனியில தொடங்கித் திரும்பவும் உருட்டி வச்சேன்.

அங்கதான் பிடிச்சுது சனியன். செவப்புல சரியாத் தொடங்கினேன். அடுத்தது பச்சை வரணும், வந்தது நீலம். எண்ணிக்கை தப்பிப்போச்சுன்னு பிரிச்சு, அடுத்த செவப்பைத் தேடிப் பிடிச்சுத் தொடங்கினேன். நீலம். மூணாவது தடவையும் செவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. உருண்டையைத் தூக்கிச் சுவத்துல எறிஞ்சேன்; கம்பளி ஆனதால அதுக்கு வலிக்கக்கூட இல்ல. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது அம்மா, "பேன்ட்டு மறைச்சிரும்லே, எப்பிடியாவது முடிச்சுத் தொலை"ன்னா. முடிச்சேன்.

பேன்ட்டு மறைக்கல்ல. மாப்பிள்ளை யாருகிட்டயோ இரவல் வாங்கின குட்டைப் பேன்ட்டு அது. போதகர் ஜெபம் பண்ண, பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டி போட, பேன்ட்டு ஏறிக்கிட்டுது. சபையோ தரையில பாய் விரிச்சு இருக்கு. எல்லாரு கண்ணுக்கும் நேரே ரெண்டு கணுக்கால், ரெண்டு விதமா. எனக்குப் பின்னால ஒருத்தி, "ஏட்டி, மாப்பிள்ளைக்கு ஒரு காலு அம்மை வீட்டுக் காலு, மறுகாலு அப்பன் வீட்டுக் காலா?"ன்னு கேட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. அக்காவோட கழுத்து வெறைச்சுப் போனது எனக்குத் தெரிஞ்சுது. ஆனா நான் ஜெபத்தையும் கேக்கல்ல, அக்காவையும் நினைக்கல்ல. ரெண்டு காலையும் பக்கம் பக்கமாப் பாத்ததும், ஒரு மாசமாப் பிடிபடாதது சட்டுன்னு பிடிபட்டுது.

விருந்துல மாப்பிள்ளையோட அம்மா அக்காவை அழைச்சுப் பக்கத்துல இருத்தினாங்க. கோபம்கூட இல்ல. "மேசோடு கொள்ளாம் மோளே, நல்லாத்தான் இருக்கு. ஒண்ணுபோல மத்தது இல்லாமப் போச்சே?"

"கை இன்னும் பழகல்ல அத்தை. அடுத்தது சரியாப் பின்னுகேன்."

அதோட முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம். நான் பாயசத்தோட நடுவுல போய் நின்னேன். "அது கைத் தப்பு இல்ல அத்தை! உருண்டை காத்துல ஓடிப்போச்சு. நான் திரும்பச் சுத்தினப்ப வெளிநுனி உள்ள போயி, உள்நுனி வெளிய வந்துட்டு. அதான் நிறம் தலைகீழா வந்துது. மூணு தடவை பிரிச்சேன், இப்பந்தான் பிடிகிடைச்சுது!"

பெரியப்பா இல்லாத மொளகாயை அவியல்ல தேட ஆரம்பிச்சார்.

"அப்போ பின்னினது நீயாக்கும்"ன்னாங்க அந்தம்மா. "அப்பிடின்னா எனக்க மகனுக்கு உன்னையாக்கும் கெட்டி வச்சிருக்கணும்."

எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க மட்டும் சிரிக்கல்ல. அக்கா வண்டி ஏறும்போது என் பக்கம் திரும்பவே இல்ல. அருமனையில ஆறு மாசம் அந்தம்மா அவகிட்ட நேரே பேசல்ல. உப்பு வேணும்னாலும் "அவகிட்ட சொல்லு"ன்னு மகன் வழியாத்தான். ஏழாம் மாசம் அக்கா தானே கத்துக்கிட்டு, ரெண்டும் ஒண்ணுபோல ஒரு ஜோடி பின்னி முன்னால கொண்டு வச்ச பெறகுதான் "சோறு தின்னியா?"ன்னு ஒரு வார்த்தை வந்துதாம்.

இப்ப அந்தம்மா இல்ல, நர்சம்மாவும் ஊருக்குப் போயாச்சு. நான் பின்னின ஜோடியைப் பூச்சி அரிச்சுத் தீத்துட்டு. கோயில்ல பாய் போயி பெஞ்சு வந்துட்டு. எவன் மண்டி போட்டாலும் முன்னால இருக்கிறவன் முதுகுதான் தெரியும். போன மாசம் அருமனைக்குப் போனப்ப, அத்தானுக்குக் கடையில வாங்கின வரிபோட்ட சாக்ஸைக் குடுத்துட்டு, "என்ன இருந்தாலும் அந்தக் காலத்துல பதினோரு வயசுப் பய குடைக்கம்பியில மேசோடு பின்னினது சும்மாவாக்கா?"ன்னேன். அக்கா மீன் வெட்டிக்கிட்டு இருந்தா. தலை நிமிரல்ல.

"பின்னினதுக்கு ஒண்ணுமில்லலே. கேக்காத கேள்விக்கு எழும்பி நின்னு பதில் சொன்னே பாரு, அதுக்கு இன்னும் உன்னைப் பாத்தா எனக்கு எரியுது."