ஒரு விரல் கனம் ஐஸ்

அரியலூரில் ஒரு குளிர் அறையில் எனக்கு வேலை. கட்டிய ஐஸை மெஷின் எப்போது உருக்க வேண்டும் என்று நேரம் வைப்பதும், கேஸ் பிரஷர் மீட்டரைப் பார்ப்பதும் என் பொறுப்பு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவளை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆளுக்கு ஏற்ற வேலைதான்.

இந்தப் பழக்கம் பாடாலூரில், நான் மூன்றாவது படிக்கும்போது தொடங்கியது. அம்மா இட்லி மாவு விற்பதற்காக, மெக்கானிக்கான சித்தப்பா பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைச் சரிசெய்து கொண்டுவந்து வைத்தார்.

"ஐஸ் ரொம்பக் கட்டுனா இந்தப் பட்டன அமுக்குங்க அண்ணி. மெஷின் நின்னு ஐஸ் உருகும், அப்பறம் தானா ஓடும். அப்படியே வுட்டா மெஷினுக்குக் கெடுதல்" என்றார். அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் என் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

உப்புத் தூவியதுபோல் லேசாக வெளுத்தாலே அமுக்கிவிடுவேன். பள்ளிக்குப் போகுமுன், வந்ததும், படுக்குமுன். மெஷினைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு. மாவு புளித்துப் பொங்கியது. விற்ற பாக்கெட்டுகள் தலையணைபோல் உப்பித் திரும்பி வந்தன.

"நல்ல மெஷின்னு சொல்லி என் தலையில கட்டிட்டீங்களே தம்பி. நாளைக்குள்ள சரியாவலன்னா தூக்கிட்டுப் போயிருங்க. மாவு யாவாரமே வேணாம்" என்றாள் அம்மா.

மறுநாள் சித்தப்பா மீட்டரை மாட்டிப் பார்த்தார். பிரஷரில் குறை இல்லை. முகம் சுருங்கிப்போய் ஃபிரிட்ஜின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் பள்ளிவிட்டு வந்த நான் கதவைத் திறந்தேன். உள்ளே லேசான வெளுப்பு. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை தானாகப் போய் அமுக்கிவிட்டது. மெஷின் அடங்கியது.

"ஒரு நாளைக்கு எத்தன தடவடி?"

மூன்று விரல் காட்டினேன்.

"என்ன தம்பி, கண்டுபிடிச்சீங்களா?" அடுப்படியிலிருந்து அம்மா.

"ஆச்சு அண்ணி. நான்தான் அரகொறயா சொல்லிட்டுப் போயிட்டேன்."

பிறகு என் சுண்டுவிரலைப் பிடித்து ஐஸ் பெட்டியின் சுவரில் வைத்தார். "இந்தக் கனத்துக்கு ஏறுற வரைக்கும் தொடக்கூடாது. இனிமே பட்டன் ஒன் பொறுப்பு. வேற யாரும் கை வக்க மாட்டாங்க."

மாவு புளிப்பது நின்றது. விட்டுப்போன வாடிக்கை ஒவ்வொன்றாகத் திரும்பியது. நானோ தினமும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஐஸ் ஏறுவதைப் பார்த்தபடி நின்றேன். செய்த தப்புக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று சித்தப்பாவின் மேல் எனக்குக் கோபமும் அழுகையுமாக வந்தது.