வாயை மூடி, வாலைச் சேர்த்து அளந்த மீன்கள்

ஆமாங்க, மீனை அளக்கறதுதான் என் வேலை, அதுக்குத்தான் சம்பளம். நீங்க கேட்ட மாதிரியேதான் எல்லாரும் கேக்கறாங்க, "அதுக்குன்னு தனியா ஒரு ஆளா?"ன்னு. ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க. மீன் பிடிச்சவன் கையிலயே ஸ்கேலையும் குடுத்தா என்ன ஆகும்னு ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் கேக்க மாட்டீங்க.

ஹெப்பகோடி தாண்டி உள்ள போனா எங்க குளம். ஓனரு கெம்பண்ண கௌடர். ராகி போட்டுட்டிருந்த நெலத்துல குளம் வெட்டி, கட்லாவும் ரோகுவும் விட்டு, தூண்டில் போட வர்றவங்களுக்கு டிக்கெட் குடுக்கறாரு. பிடிக்கலாம், போட்டோ எடுக்கலாம், அளந்து பேர் எழுதிக்கலாம். மீனை மட்டும் திரும்பத் தண்ணியில விட்டுடணும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது வெறும் சென்டிமீட்டர்தான். அதனாலதான் அதுக்கு இவ்வளவு அடிதடி.

நான் கோலார் தங்கவயல் ஆளு. பகல்ல ஃபேக்டரி, சாயங்காலத்துக்கு மேல நைட் ஸ்கூல்னு படிச்சு எஸ்எஸ்எல்சி தேறினவன். ஃபேக்டரியில இன்ஸ்பெக்‌ஷன்ல போட்டாங்க, வர்ற பார்ட்டையெல்லாம் அளந்து பாக்கற வேலை. ஃபேக்டரி மூடினதும் கௌடர் கூப்பிட்டாரு. இரும்பை அளக்கறது சுலபம். அதைப் பிடிச்சவன் பக்கத்துல மூச்சு வாங்கிட்டு, நம்ம மூஞ்சியையே பாத்துட்டு நிக்க மாட்டான். நீங்களும் எங்கயாவது தராசையோ டேப்பையோ கையில வெச்சுட்டு நின்னவங்கன்னா, அந்தப் பார்வை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

முறை ரொம்ப சாதாரணம். சென்டிமீட்டர் கோடு போட்ட நீளமான ஒரு பலகை, ஒரு முனையில நிமிர்த்து அடிச்ச கட்டை. பலகையை நனைச்சு மீனைப் படுக்க வெக்கணும். மூக்கு கட்டையில முட்டணும். வாயை மூடணும், வாலோட ரெண்டு நுனியையும் சேர்த்துப் பிடிக்கணும். நுனி எங்க நிக்குதோ அதான் நீளம். ஷெட்டு செவுத்துல பெரிய மீன் பிடிச்சவங்க பேரெல்லாம் சாக்பீஸ்ல எழுதின போர்டு. முதல் பேரு கௌடரோடதுதான்: கட்லா, தொண்ணூத்தியொண்ணு. நான் வேலைக்குச் சேரறதுக்கு முன்னாடி அவரு பிடிச்சது. பக்கத்துலயே அந்த மீனைக் குழந்தை மாதிரி ஏந்திட்டு அவரு நிக்கற போட்டோ, பெருசு பண்ணி ஃப்ரேம் போட்டது.

முதல் பேருக்கு ஒரு உரிமை உண்டு. கரையிலயே நிழலு ஒரே எடத்துல, புங்கமரத்தடியில. போர்டுல முதல்ல இருக்கறவங்க நாற்காலி மட்டும்தான் அங்க போடலாம். கௌடருக்குத் தூண்டில் போட நேரமில்ல. அவரு நாற்காலி மட்டும் மரத்தோட சங்கிலி போட்டுப் பூட்டி காலியா கிடக்கும். மத்தவங்க எல்லாம் வெயில்ல. நான் சேந்த வாரமே அவரு சொல்லிட்டாரு: "அருளு, குளத்துல இருக்கறதை எல்லாம் அளந்துக்கோ. செவுத்துல இருக்கறதை விட்டுடு."

ரவுண்டு ஆஃப்

கார்த்திக்னு கோயம்புத்தூர்ப் பையன், ஐடி கம்பெனி. வாரம் தவறாம வருவாரு. போட்டோவுக்கு மீனைப் பிடிக்கும்போது ரெண்டு கையையும் கேமரா பக்கமா முடிஞ்ச மட்டும் நீட்டுவாரு. போட்டோவுல மீன் பெருசா வரும், அவரு சின்னதா ஆகி பின்னாடி எங்கயோ தெரிவாரு. ஒருநாள் நல்ல ரோகு ஒண்ணு. பலகையில வெச்சேன், அறுபத்தொம்போதரை. எழுதினேன். அவரு போனை எடுத்து போட்டோவைக் காட்டி, "இதைப் பாருங்கண்ணா, எம்பதுக்கு மேல இருக்கும்"னாரு. "போட்டோவுல உங்க கையும்தான் என் காலு அளவுக்கு இருக்கு, அதை நம்பலாமா?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் கரையைச் சுத்தி நடந்துட்டு மறுபடி வந்தாரு. கோவமில்ல, வருத்தம்தான். "அண்ணா, எழுபதுன்னாவது போடுங்களேன். எங்க ஆபீஸ்ல ப்ராஜெக்ட் பாதி முடிஞ்சாலே முடிஞ்சதுன்னு ரவுண்டு ஆஃப் பண்ணிடுவோம், நீங்க ஒரு அரை சென்டிக்கு இவ்வளவு யோசிக்கறீங்களே."

இரக்கம்

ரிச்சர்ட்ஸ் டவுன்லருந்து எட்வின் அங்கிள் வருவாரு. இஸ்திரி போட்ட சட்டை, தலையில வெள்ளைத் தொப்பி. ரொம்ப மரியாதையான மனுஷன். மீனைப் பலகையில வெச்சா மட்டும் அவரு கட்டைவிரல் மெதுவா மீன் வாய்க்குள்ள போயிடும். கட்லாவுக்கு வாய் பெருசுங்க. திறந்து வெச்சா முன்னாடி நீட்டிட்டு, சும்மாவே ரெண்டு மூணு சென்டி கூடும்.

"அங்கிள், விரலை எடுங்க."

"எடுத்துடறேன்பா."

எடுக்க மாட்டாரு. நானே எடுத்துவிட்டு, வாயை மூடி அளப்பேன். கொறைஞ்ச சென்டியைப் பாத்ததும் தொப்பியைக் கழட்டிக்குவாரு, கல்லறையில நிக்கற மாதிரி. ஒருநாள் நேராவே கேட்டேன், "ஏன் அங்கிள், வயசுல பெரியவரு, நீங்களே இப்படிப் பண்ணலாமா?"ன்னு. கொஞ்சமும் தடுமாறாம, என் முகத்தைப் பாத்துச் சொன்னாரு: "தம்பி, அதுக்கு மூச்சு முட்டுது. நான் இரக்கத்துல பிடிச்சிருக்கேன், நீ அளவுல பாக்கறே."

ஒரே கார்

எல்லாரும் கூட்டித்தான் கேப்பாங்கன்னு நெனச்சுட்டிருந்தேன். ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தாங்க, கல்யாண நாளாம். அவரு புது ராடு, புது ரீலு, பாக்கெட் பாக்கெட்டா வெச்ச ஜாக்கெட்டுன்னு வந்தாரு. அந்தம்மா எங்ககிட்ட வாடகைக்கு இருந்த பழைய தூண்டிலை வாங்கிக்கிட்டாங்க. மத்தியானத்துக்குள்ள அவரு ஒரு ரோகு பிடிச்சாரு, அம்பத்திரெண்டு. பலகைகிட்ட நின்னு எல்லார்கிட்டயும் அதோட கதையைச் சொல்லிட்டிருக்கும்போதே அந்தம்மாவுக்கு ஒண்ணு மாட்டிச்சு. அளந்தேன், அறுபத்தியொண்ணு.

அவரு தண்ணி குடிக்கப் போன நேரம் பாத்து அந்தம்மா என்கிட்ட வந்து குனிஞ்சு, "அண்ணா, ஒரு பத்து சென்டி கொறைச்சு எழுதிக்கோங்களேன்"னாங்க. எனக்குக் கூட்டவும் வராது, கொறைக்கவும் வராதும்மான்னேன். அறுபத்தியொண்ணு அறுபத்தியொண்ணாவே போர்டுக்குப் போச்சு. அந்தம்மா அதை நிமிந்து பாத்தாங்க. சிரிப்பு வந்துடுச்சு, கையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: "சந்தோஷமாத்தான் இருக்குண்ணா. ஆனா விஜயநகர் வரைக்கும் அவரு ஓட்டற கார்ல நான் போகணும்."

பைனாப்பிள் வாசனை

விவேக் நகர் பிலோமினா அக்கா வீட்டுலயே கேக் பண்ணி விக்கறவங்க. ஞாயித்துக்கிழமை காலைப் பூசை முடிஞ்சதும், ரெண்டு பஸ் மாறி குளத்துக்கு வந்துடுவாங்க. தூண்டிலுக்கு வெக்கற மாவுல எல்லாரும் புண்ணாக்கு பிசைவாங்க. இவங்க மைதாவுல பைனாப்பிள் எசன்ஸ் ஊத்திப் பிசைவாங்க. "அக்கா மீன் பிடிக்க வந்தாங்களா, மீனுக்கு பர்த்டே கொண்டாட வந்தாங்களா?"ன்னு கரையெல்லாம் சிரிக்கும். "உங்க புண்ணாக்கு வாசனைக்கு மாடுதான் வரும், போய் கயித்தை ரெடி பண்ணுங்க"ம்பாங்க அவங்க.

அவங்களுக்கு ஒத்தைத் தலைவலி. வெயில் ஏறினா ஒரு பக்கம் விண்ணுன்னு தெறிக்க ஆரம்பிச்சுடும். ஈரத்துண்டைத் தலையில போட்டுக்கிட்டு, நாற்காலியில கட்டின குடைக்குக் கீழ உக்காந்திருப்பாங்க. பத்தடி தள்ளி புங்கமர நிழல்ல கௌடரோட காலி நாற்காலி. வலி தாங்காம பாதியில மூட்டை கட்டிட்டுப் போன நாளும் உண்டு. சாப்பாட்டுக்கு மட்டும் ஷெட்டுக்குள்ள வந்து, கௌடர் போட்டோவுக்கு எதுர்ல உக்காந்து டப்பாவைத் திறப்பாங்க. போர்டுல அவங்க பேரு ரெண்டாவது: எம்பத்திமூணு. தொண்ணூத்தியொண்ணை யாராலயும் தொட முடியல. கார்த்திக் ஒருநாள், "அக்கா, கௌடர்கிட்ட சும்மா கேட்டாலே அந்த எடத்தைக் குடுத்துடுவாரே"ன்னாரு. அக்கா டப்பாவை மூடிட்டுச் சொன்னாங்க: "குடுப்பாருப்பா. குடுத்துட்டு, குடுத்ததை வாராவாரம் சொல்லுவாரு."

இவனை எனக்குத் தெரியும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, நல்ல வெயில். அக்கா மூட்டை கட்டிட்டிருந்தாங்க. ஒரு தூண்டில் மட்டும்தான் இன்னும் தண்ணியில. அது அப்படியே வளைஞ்சுது. ரீலு கத்தற சத்தம் கேட்டு, இந்தப் பக்கமிருந்த நான் பலகையைத் தூக்கிட்டு ஓடினேன். அக்கா தூண்டில் நரம்பை விட்டு விட்டு இழுத்தாங்க. துண்டு கீழ விழுந்துடுச்சு, எடுக்கல. கார்த்திக் முழங்கால் தண்ணியில எறங்கி மீனுக்கு அடியில வலையைக் குடுத்தாரு. எட்வின் அங்கிள் தொப்பியைக் கையில பிடிச்சுட்டு ஜெபம் பண்ற மாதிரி நின்னாரு. கரைக்கு வந்ததைப் பாத்தா, கட்லா. நான் அளந்ததுலயே பெருசு.

பலகையை நனைச்சேன். மூக்கை முட்ட வெச்சு, வாயை மூடி, வாலைச் சேர்த்தேன். எம்பத்தாறு. அக்கா நம்பரையே பாக்கல. மீன் முகத்தைத்தான் பாத்துட்டிருந்தாங்க. செவுள் மூடியில பத்து ரூபா காசு அளவுக்கு வெள்ளை வடு. கீழ் வாலுல பிறை மாதிரி ஒரு கடி. எனக்கும் எங்கயோ பாத்த மாதிரி இருந்துச்சு. மீனை வலையோட தண்ணியில வெக்கச் சொல்லிட்டு நிமிந்தேன். காபி டம்ளரோட கௌடர் நிக்கறாரு. "எம்பத்தாறா? நல்ல மீனும்மா. இன்னும் அஞ்சு சென்டி பாக்கி"ன்னு சிரிச்சாரு.

அக்கா முந்தானையால கையைத் துடைச்சுக்கிட்டு, ரொம்ப நிதானமா சொன்னாங்க: "கௌடரே, இவனை எனக்குத் தெரியும். மூணு வருஷமா இவன் மூஞ்சியைப் பாத்துத்தான் நான் சோறு திங்கறேன்."

வயசானா சுருங்குமா

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. எம்பத்தாறுன்னு எழுதிட்டு நான் பாட்டுக்குப் போயிருக்கலாம். செவுத்தை விட்டுடுன்னு சொன்னவருதான் சம்பளமும் குடுக்கறாரு. இந்த வயசுல இன்னொரு வேலை தேடறதுன்னா லேசில்ல. ஆனா பத்து வயசுப் பையன் சட்டை போன வருஷம் சரியா இருந்து, இந்த வருஷம் அவனே அந்தச் சட்டைக்குள்ள தொலைஞ்சு போனான்னா, அளவுக்காரன் எப்படிங்க சும்மா இருக்கறது. ஷெட்டுக்குப் போய் போட்டோவை ஆணியிலருந்து எடுத்துட்டு வந்து மீன் பக்கத்துல பிடிச்சேன். அதே வடு, அதே கடி.

"மீன் வயசானா சுருங்குமாண்ணா?"ன்னு கார்த்திக் கேட்டாரு. "எங்க தாத்தா சுருங்கினாரு"ன்னாரு கௌடர். ஆனா குரல்ல பலமில்ல. "தாத்தா சுருங்கலாம், கௌடரே. மீன் வளரத்தான் செய்யும்"னேன். அவரு முகம் செவந்துடுச்சு. "அப்போ நான் பொய் சொன்னேங்கறியா, அருளு? என் கண்ணு முன்னாடி அளந்தது. என் மச்சான் அளந்தது." போனை எடுத்து ஸ்பீக்கர்ல போட்டு, அந்த மச்சானையே கூப்பிட்டாரு. "மஞ்சா, அன்னிக்கு என் மீனை எப்படிடா அளந்தே?"

மஞ்சா ஆனேக்கல்ல டைலரு. மெஷின் ஓடற சத்தம் நின்னுச்சு. "என் டேப்லதான் பாவா. மூக்குலருந்து ஆரம்பிச்சு, வயித்து மேல வளைச்சு, வாலு வரைக்கும்." அவரு கன்னடத்துல சொன்னதை எல்லாரும் கேட்டாங்க. கௌடர் கண்ணை மூடிட்டாரு. மஞ்சாவுக்கு இங்க என்ன நடக்குதுன்னு தெரியாதில்ல, தொழில் பெருமையோட மேல சொன்னாரு: "வயித்தை விட்டுட்டு அளந்தா, பாவா, அப்புறம் பட்டன் போட முடியாது."

சங்கிலி

கரையில சிரிக்காதவரு கௌடர் ஒருத்தருதான். எனக்கு அவரைப் பாக்கப் பாவமா இருந்துச்சு. அக்கா பையில தையல் டேப் வெச்சிருப்பாங்க, கேக் டின்னுக்கு பேப்பர் வெட்டறதுக்கு. அதை வாங்கி, மீனை ஈரப் பலகையில வெச்சு, மஞ்சா சொன்ன மாதிரியே வயித்து மேல வளைச்சுப் பிடிச்சேன். தொண்ணூத்திரெண்டு. "பாத்தீங்களா, கௌடரு பொய் சொல்லல. டேப்பு வளைஞ்சுது, அவரு வளையல. மீனுதான் ஒரு சென்டி வளந்திருக்கு"னேன். அதுக்கப்புறம்தான் அவரு மூச்சு விட்டாரு. அக்கா மீனைத் தண்ணியில ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடிச்சாங்க. வாலை ஒரு அடி அடிச்சு, அவங்க முகமெல்லாம் நனைச்சுட்டுப் போயிடுச்சு.

"சரி, என் பேருக்கு எம்பத்தஞ்சுன்னு மாத்தி எழுதிடு"ன்னாரு கௌடர். "நான் அளக்காததை எழுத மாட்டேன், கௌடரே"ன்னேன். அவரு நேரா ஷெட்டுக்குப் போய், எச்சில் தொட்டு, தன் பேரைத் தானே அழிச்சாரு. இடுப்புச் சாவியால மரத்துச் சங்கிலியைத் திறந்து, தன் நாற்காலியைத் தோள்ல போட்டுட்டு வெயிலுக்கு வந்தாரு. "ஆய்து, சரி, உக்காரும்மா"ன்னாரு. கார்த்திக்கும் எட்வின் அங்கிளும் அக்கா நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிட்டுப் போய் நிழல்ல போட்டாங்க. அக்கா குடையை மடக்கினாங்க. சாய்ஞ்சு உக்காந்து, இலையை ஒரு தடவை மேல பாத்தாங்க. "அப்போ நான் முதல்லருந்து பிடிக்கணுமா?"ன்னு கௌடர் கேட்டாரு. அக்கா பைனாப்பிள் மாவுல ஒரு உருண்டை கிள்ளி அவருகிட்ட நீட்டினாங்க: "இதை வெச்சுப் போடுங்க கௌடரே, தலைக்கு மட்டும் துண்டு போட்டுக்கோங்க."

இருங்க, அந்தப் பக்கம் வெயில்ல தலையில துண்டோட நின்னு, "அருளு, பலகையைக் கொண்டா, சீக்கிரம்"னு கூப்பிடறாரே, அவருதான் கௌடர். தொண்ணூத்தியொண்ணைப் பூட்டி வெச்சிருந்த மனுஷன் இப்போ முழ நீளம்கூட இல்லாத ரோகுவுக்கு வாயையும் மூடி வாலையும் சேர்த்துப் பிடிச்சுட்டு எனக்காகக் காத்துட்டிருக்காரு, நான் போய் அளந்துட்டு வரேன்.