பஸ் வருகிற காலேஜ்

“மக்கள் தொடர்பு அதிகாரி. முதுகலைப் பட்டமும் மும்மொழிப் புலமையும் உடையவர். மாணவர்களின் திறனறிந்து, பாரபட்சமின்றி அவர்களுடைய எதிர்காலத்துக்கு வழிகாட்டுபவர்.” ஆந்திர எல்லைக்குள், புத்தூர்ச் சாலையில் இருக்கும் பார்மசி கல்லூரியின் வழவழப்பான கையேட்டில், டை கட்டிய ஒரு படத்துக்குக் கீழே இப்படிப் போட்டிருக்கிறது. படத்தில் இருப்பவர் சின்னப்பன். டை போட்டோக் கடைக்காரருடையது. பத்தாம் வகுப்பில் கணக்கு அவரைக் கைவிட்டதோடு படிப்பு முடிந்தது. அப்புறம் கரும்பு வெட்டினார், ஷேர் ஆட்டோ ஓட்டினார். மும்மொழியைப் பொறுத்தவரை கையேடு பொய் சொல்லவில்லை. ஒன்று தமிழ், ஒன்று தெலுங்கு, மூன்றாவது எதிரே இருப்பவர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அது.

எம்செட் நுழைவுத் தேர்வு முடிவு வந்துவிட்டால் அவருடைய வண்டி நிற்காது. வரதய்யபாளையத்திலிருந்து சத்தியவேடு வரைக்கும், இன்டரில், அதாவது பிளஸ் டூவில், உயிரியல் பிரிவான பைபிசி எடுத்த பிள்ளை இருக்கிற வீடெல்லாம் அவருக்குத் தெரியும். டாக்டர் சீட்டு கிடைக்காது என்று தெரிந்து, வேறு என்ன செய்வது என்று தெரியாமல் வீடு திகைத்திருக்கும் அந்த ஒரு வாரம்தான் அவருடைய பருவம். உள்ளே போனதும் ரேங்க் என்ன என்று கேட்கமாட்டார். “மெயின் ரோட்டுக்கு எத்தினி தூரம் நடக்கணும்?” என்பார்.

கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கச் செலவு, இடம், வேலை என்று மூன்றையும் எடைபோட வேண்டுமென்று நகரத்துக்காரர்கள் சொல்வதை அவர் இந்த ஒரே கேள்வியில் முடித்துவிடுவார். “பீஸு கவர்மெண்டு கட்டுது, அத்த வுடு. வேலையா? தடாவுல கம்பெனி மேல கம்பெனி வந்துகினே கீது. மிச்சம் இன்னா? பஸ்ஸு. காலைல உங்க ஊரு முனைக்கி மஞ்சா பஸ்ஸு வரும். சாயங்காலம் பொண்ணு ஊட்டுக்கு வந்துடும்.” பஸ்ஸுக்கும் சீருடைக்கும் லேபுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும் என்பதை அவர் மறைப்பதில்லை. சீட்டு கிடைத்த பிறகு சொல்வார்.

மற்ற கல்லூரிகளைப் பற்றி அவர் கெட்ட வார்த்தை பேசமாட்டார். “சித்தூரா? நல்ல காலேஜிதான். போய் சேர்றதுக்குள்ள மாத்திரையே எக்ஸ்பைரி ஆயிடும்.” திருப்பதியில் பல்கலைக்கழகத்துப் பார்மசி கல்லூரி இருக்கிறதே என்றால், “அங்க ஹாஸ்டலு. அந்த சாம்பார துன்னுட்டு பொண்ணு எளச்சிப் போய் வரும், அப்புறம் எங்கிட்ட வந்து அழுவாதீங்க” என்பார். மெட்ராஸ் பக்கத்தில்தானே இருக்கிறது என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். “அங்க போனா நாம ஆந்திராக்காரங்க. இங்க இருந்தா தமிழ் பேசற அரவம். ஆனா சீட்டுன்னா இங்கதான்பா.” இது ஒன்றுதான் அவர் பேச்சில் முழு உண்மை. அதனால்தானோ என்னவோ இதைக் கேட்டதும் மெட்ராஸ் பேச்சை விட்டுவிடுவார்கள்.

புத்தூர்ச் சாலைக் கல்லூரியில் மாத்திரை செய்கிற இயந்திரம் ஒன்று உண்டு. அதன் மேல் போர்த்திய பூப்போட்ட படுதாவை இன்ஸ்பெக்ஷன் நாளில் எடுப்பார்கள். ஆசிரியர்களில் பலரும் அன்றைக்குத்தான் வருவார்கள். திருப்பதிக் கல்லூரிக்கு வருஷா வருஷம் ஹைதராபாத்திலிருந்து மருந்துக் கம்பெனிக்காரர்கள் வந்து பிள்ளைகளை வேலைக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள். இரண்டும் சின்னப்பனுக்குத் தெரியும்.

அவர் சேர்த்துவிட்ட முதல் வருஷத்துப் பிள்ளைகளில் ஒருவன் ரமணா. இப்போது தடாவில் ஒரு கம்பெனியில் கார் விளக்குக் கண்ணாடிகளை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறான். அவனுடைய பார்மசி சான்றிதழ் சூலூர்பேட்டையில் ஒரு மருந்துக் கடைச் சுவரில், மாத வாடகைக்கு, பிரேம் போட்டுத் தொங்குகிறது. கடைக்காரருக்குச் சட்டப்படி ஒரு சான்றிதழ் வேண்டும், ஆள் வேண்டாம். படித்தவன் ஓர் ஊரிலும் படிப்பு வேறோர் ஊரிலுமாகப் பிழைக்கிறார்கள். ஷிப்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது சின்னப்பனைப் பார்த்தால் ரமணா சிரிப்பான். “இன்னாண்ணா, இந்த வருசம் எத்தினி பேரு மாட்னாங்க?” குரலில் கோபம் இருக்காது. கோபம் இருந்திருந்தால் சின்னப்பனுக்குச் சமாளிக்கத் தெரியும். கொஞ்ச நாளாக அவர் தடா வழியாகப் போவதில்லை. பெட்ரோலுக்குக்கூடச் சுற்றிக்கொண்டு சத்தியவேடு போகிறார்.

இந்த வருஷம் அவருடைய மகள் கலைவாணியே எம்செட் எழுதினாள். திருப்பதிக்குத் தேறுகிற ரேங்க். சான்றிதழ் சரிபார்த்து, இணையத்தில் விருப்ப வரிசை போடுவதற்கான எண்ணைச் சுரண்டி எடுக்கிற அட்டையும் வாங்கி வந்துவிட்டாள். அந்த அட்டையின் எண் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர். ஊரில் அநேகமாக எல்லா அட்டைகளும் சின்னப்பனின் சட்டைப்பையில்தான் இருக்கும்.

“நைனா, மொதல்ல திருப்பதி, ரெண்டாவது சித்தூரு. மூணாவது வேணவே வேணாம்” என்று சொல்லித்தான் கலைவாணி அட்டையைக் கொடுத்தாள்.

“ஹாஸ்டல் சாம்பாரும்மா.”

“துன்னுக்கறேன். ஊர்க்காரங்களுக்கு சொல்றத எங்கிட்ட சொல்லாத.”

அவர் சிரித்துவிட்டார். பெண் தன்னைக் கண்டுபிடித்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

கலைவாணி திருப்பதி கேட்பது காதுக்கு எட்டியதும் கல்லூரி முதலாளி சின்னப்பனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். முதலாளிக்குக் கோபம் வராது. “சொந்தப் பொண்ண வேற கடைக்கு அனுப்பிட்டு நம்ம கடையில எப்படி வியாபாரம் பண்ணுவ சின்னப்பா? அப்புறம் மீ இஷ்டம்” என்றார். உங்கள் இஷ்டம் என்று தெலுங்கில் மரியாதையாகச் சொன்னால் வேலை போய்விடும் என்று அர்த்தம். சின்னப்பனுக்குக் கரும்பு வெட்டுகிற வயது தாண்டிவிட்டது.

அடுத்த நாள் நாகபூஷணம் வந்தார். பக்கத்துத் தெரு, முறையில் மச்சான், நிலக்கடலை போடுகிறவர். மகள் சுமித்ராவும் கலைவாணியும் ஒரே பெஞ்சு, ஏறக்குறைய ஒரே ரேங்க். சுமித்ராவின் அட்டையை நீட்டினார்.

“எனக்கு காலேஜி கீலேஜி ஒண்ணும் தெரியாது மச்சான். உம்பொண்ண எங்க போடறியோ அங்கயே எம்பொண்ணயும் போட்டுடு. ரெண்டும் ஒரே பஸ்ஸுல போய்க்கினு வந்துகினு இருக்கட்டும். ஹாஸ்டல்ல மட்டும் தள்ளிடாத, எங்கூட்டுல சோறு பொங்கமாட்டாங்க.”

“ரேங்கு நல்லாத்தான கீது மச்சான். நாலு எடம் விசாரிச்சிட்டு...”

“நீ கீற அப்புறம் யார இன்னாத்துக்கு விசாரிக்கணும்?”

சின்னப்பன் சொல்வதை யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. விசாரிப்பார்கள், பேரம் பேசுவார்கள், திட்டிக்கொண்டே அட்டையைக் கொடுப்பார்கள். ஏமாற்றுவதில் பாதி வேலையை எதிராளியின் சந்தேகமே செய்துவிடும். முழுதாக நம்பிவிட்ட ஆளிடம் தொழில் செய்து அவருக்குப் பழக்கமில்லை. நாகபூஷணம் போன பிறகு அட்டையைப் பையில் வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள், சத்தியவேட்டில் பாபுவின் நெட் சென்டர். சின்னப்பனுக்குத் தட்டச்சு வராது, பாபுதான் போடுவான். எண்ணைப் படித்தால் போதும், கல்லூரிப் பெயர் அவன் விரலுக்குப் பழக்கம். மத்தியானத்திலிருந்து எல்லா அட்டைக்கும் அதே கல்லூரி. கடைசியில் இரண்டு அட்டைகள் மிஞ்சின.

“இதுங்களும் அதேதானாண்ணா?”

“இரு. நான் சொல்றேன்.”

அப்போது நாகபூஷணத்தின் போன் வந்தது. “ஆச்சி மச்சான், ரெண்டும் ஒண்ணாத்தான்” என்றார் சின்னப்பன். வைத்துவிட்டு, விசிறிக்குக் கீழே இருந்த ஸ்டூலை இழுத்து பாபுவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

கலைவாணிக்குப் புத்தூர்ச் சாலைக் கல்லூரியைப் போடச் சொன்னார். இரண்டாவது விருப்பம் என்று எதுவும் சொல்லவில்லை. சுமித்ராவுக்குத் திருப்பதியைப் போடச் சொன்னார்.