பிரமிளா எடுத்த மென்பொருள்

நீக்கவா என்று கணினி கேட்டதும், ஆமாம் சொல்லும் 'ஒய்' விசைமேல் பிரமிளா விரலை வைப்பாள். அழுத்தமாட்டாள். கறுப்புத் திரையில் வரிசையாக நிற்கும் மென்பொருள் பெயர்களை, தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் காலையில் பேர் படித்து ஆள் கூப்பிடும் கணக்குப்பிள்ளை, கிராணி மாதிரி ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பாள். "இவனத் தூக்குனா யாரு அழுவா?" கேள்வி யாரையும் பார்த்து இல்லை.

செமோர் கோவில் மண்டபத்துப் பொதுக் கணினி அவள் பொறுப்பு. சம்பளம் கிடையாது. கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து நேராக வருவாள். பிளாஸ்டிக் பையில் கட்டிய பாலில்லாக் கோப்பி-ஓ திரையின் மூலையில் தொங்கும். மவுசைத் தொடமாட்டாள்.

"கிளிக் பண்ணா என்னா செஞ்சான்னு சொல்ல மாட்டான் அண்ணே. இதுல எழுதிக் கேட்டா, எழுதிப் பதில் சொல்றான் லா" என்பாள் என்னிடம்.

ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் படிக்காமல் அழுத்திவிட்டாள். 'தேவையில்லாதவை' என்று கணினி காட்டிய எல்லாம் போயின. அவற்றோடு தமிழ் எழுத்துகளும் போயின. சின்னையா வீட்டுக் கருமாதிப் பத்திரிகை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது.

"தேவையில்லன்னு யாரக் கேட்டு முடிவு பண்ணான்?" என்று இன்னும் திட்டுகிறாள். தொழிற்சங்கத்தில் இருந்தபோது, ஆள்குறைப்புக் கூட்டங்களில் இந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் கிடைக்காமல் நான் பல வருஷம் அலைந்திருக்கிறேன்.

சீனப் பெருநாள் வாரம். பிரிண்ட் கடைகளெல்லாம் பூட்டு. நில அலுவலகம் மட்டும் திறந்திருந்தது. பழைய தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளை, லயத்தை, இடிக்க வந்த நோட்டீசுக்கு ஆட்சேப மனு கொடுக்க அன்றே கடைசி நாள். லயத்து ஆட்கள் கையெழுத்துப் போட மண்டபத்தில் காத்திருந்தார்கள். பிரமிளா வீடு அந்த லயத்தில் இல்லை. மண்டபத்துக்கு வந்த புதுப் பிரிண்டரை இயக்கும் மென்பொருளைப் போடப் பார்த்தாள். இடமில்லை என்றது கணினி.

"என்னா பிரமிளா, பெருநாளுக்கு இவனுக்கும் அங் பாவ் காசு குடுக்கணுமா?" என்றார் சின்னையா. அவர் வீடும் அந்த லயத்தில்தான்.

"சும்மா இருங்க மாமா."

பட்டியலை இரண்டு தடவை படித்தாள். எடுக்கக்கூடியது ஒன்றுதான், வீடியோ வெட்டி ஒட்டும் மென்பொருள். கல்யாண வீடியோ செய்து அவள் கைச்செலவைப் பார்த்துக்கொள்வது அதில்தான். இந்தப் பழைய கணினிக்கு அது இனிமேல் கிடைக்காது; எடுத்தால் போனதுதான்.

"கலாதேவி மவ கல்யாண வீடியோ பாதியில நிக்குதே?" என்றேன்.

"தெரியும் அண்ணே. டயர்டா இருக்கு, கேள்வி கேக்காதீங்க."

நீக்கச் சொல்லும் வரியை எழுதினாள். அழுத்தினாள். எழுத்துகள் கொஞ்ச நேரம் ஓடி நின்றன. பிறகு பிரிண்டர் மென்பொருளைப் போட்டாள். முதல் மனு வெளியே வந்தது. சின்னையா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மேசையில் போன் அதிர்ந்தது. திரையில் 'கலாதேவி அக்கா'. பிரமிளா போனைக் குப்புறக் கவிழ்த்தாள். காகிதக் கட்டை மேசையில் தட்டிச் சீராக்கி, பிரிண்டருக்குள் செருகினாள்.